சக்களத்திக்குத் தைத்த உடுப்பு

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்கு இரும்புக் கம்பிக் கதவு. இழுத்துச் சாத்தினால்தான் நகரும்; சில நாள் சாத்தினாலும் நகராது. ஊசியக்கா ஒரு கையில் சூப் பாத்திரமும் மறு கையில் துணிப்பையுமாக உள்ளே ஏறி, கதவை முழங்கையால் தள்ளிச் சாத்தி, மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுங்கி, கொஞ்சம் யோசித்து, மனசில்லாமல் மேலே கிளம்பியது. இந்த மாதிரிப் பழைய லிஃப்ட்டுகளையெல்லாம் ஊர் முழுக்கப் பழுது பார்த்தவர் அவள் புருஷன். இப்போது அவரே பழுதாகி மேலே படுத்திருக்கிறார்.

ஊசியக்கா என்பது தெரு வைத்த பெயர். தையல்கடை வைத்திருப்பதால் பாதி, வாயைத் திறந்தால் குத்துவதால் மீதி. அவளும் அந்தப் பெயரை மறுத்ததில்லை. புருஷன் மட்டும் அவளை 'அடியே' என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் அடியே, கொஞ்சலிலும் அடியே, போதையில் வாசற்படியில் விழுந்து கிடக்கும்போதும் அடியே.

மூன்றாம் மாடி வார்டுக்குப் பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. வந்து போகிறவர்கள் அதை மறதி வார்டு என்பார்கள். மற்ற வார்டுகளில் முனகல் கேட்கும், அழுகை கேட்கும். இங்கே எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற முகத்தோடு ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். உயரமான ஜன்னல்கள் வழியாக மத்தியான வெயில் அழுக்காக இறங்கும். பினாயில் வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை இருக்கிற மாதிரி ஊசியக்காவுக்கு அடிக்கடி தோன்றும்.

அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதையாகச் சிரித்தார்.

"வாங்க, உட்காருங்க. யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

அந்த 'வாங்க'தான் அவளைக் கொன்றது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு நாளும் அவளை அவர் 'வாங்க' என்றதில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அந்நிய மனுஷிக்குக் கொடுக்கிற மரியாதையைப் புருஷன் கையால் வாங்கிக்கொள்வது எந்தப் பெண்டாட்டிக்கும் இறங்காது.

"உங்களைத்தாங்க பார்க்க வந்தேன். நான்தாங்க, உங்க சம்சாரம்."

அவர் பதறிப்போய் வார்டு வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க. என் சம்சாரம் இப்பத்தான் போனா. கேட்டா கோவிச்சுக்குவா."

ஊசியக்கா சூப் பாத்திரத்தைப் பக்கத்து மேஜையில் வைக்கப் போனாள். மேஜையில் வட்டமாக ஓர் ஈரத் தடம் இருந்தது, யாரோ பாட்டிலை வைத்து எடுத்த மாதிரி.

டாக்டர் பொறுமைசாலி. தன் அறையில் அவளை உட்காரவைத்துப் புரியும்படி சொன்னாள்.

"வருஷக்கணக்கா குடிச்சிருக்கார். குடி இருந்தா சாப்பாடு இறங்காது. பி-ஒன் வைட்டமின் சுத்தமா வத்திப் போச்சு. ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடத்துல மூளை அடி வாங்கியிருக்கு. இப்ப நடக்கிறது மனசுல நிக்காது. பழசுலயும் அங்கங்க ஓட்டை."

"அப்போ இந்தப் பொம்பளை யாரு டாக்டர்?"

"யாரும் இல்லம்மா. ஓட்டையை மூளை அப்படியே விடாது. கையில கிடைச்ச துணியை வச்சு ஒட்டுப் போட்டுடும். நீங்க தைக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா? அவர் பொய் சொல்லல. அவருக்கு அது நிஜம்."

"குடிக்கிறப்போ பொய் சொன்னாரு, சகிச்சுக்கிட்டேன். இப்ப நிஜமாவே சொல்றாரேன்னுதான் வயிறு எரியுது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஊசி போட்டுட்டுத்தான் இருக்கோம். நல்லா சாப்பிட்டு, ஒரு சொட்டுக்கூடத் தொடாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பலாம். திரும்பாமயும் போகலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவர் சொல்றதுக்குச் சண்டைக்கு நிக்காதீங்க. அதுக்காக ஆமாம்னும் சொல்லிடாதீங்க. நீங்களே ஆமாம்னா ஒட்டு கெட்டியாயிடும்" என்றாள்.

ஊசியக்கா தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இல்லாத அந்த ஒருத்தியை மனசுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டே போனாள்.

சக்களத்தி அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதிலிருந்தே பாட்டிலைத்தான் அவள் அப்படிச் சொல்லி வந்தாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. "என் சக்களத்தி அலமாரியில காத்துட்டு இருக்கா, போங்க" என்பாள். பிறகு வேடிக்கை போய்விட்டது. அவர் மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு, அதன் கழுத்தை விரலால் தடவியபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். பெற்று வளர்க்கப் பிள்ளையில்லாத வீட்டில், அந்தத் தடவல் தனக்கு வர வேண்டியது என்று அவளுக்குத் தோன்றும். பொறாமையில் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்ப்பாள். அவர் குழந்தைபோல் அழுவார்.

அவர் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அலமாரியில் பாதி பாட்டில் பிராந்தி மிச்சம் இருந்தது. அதை அவள் கொட்டவில்லை. தையல் மெஷின் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். ஓடுகாலியைப் பிடித்து அடைத்துவைத்த திருப்தி அவளுக்கு. யாராவது கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள்.

மறுபடி அவள் வார்டுக்குப் போனபோது அவர் சட்டையின் நெஞ்சுப் பொத்தான் தைக்கப்பட்டிருந்தது.

முந்தின நாள் அது ஒரே நூலில் தொங்கியதை அவள்தான் பார்த்தாள். தைக்க ஊசிநூல் எடுத்து வந்திருந்தாள். நாலு துளைப் பொத்தானை ஊசியக்கா எப்போதும் குறுக்கே, பெருக்கல் குறி மாதிரி தைப்பாள். அவள் கையைத் தாண்டிப் போன எந்தச் சட்டையிலும் அப்படித்தான் இருக்கும். இது இரண்டு நேர்கோடாகத் தைத்திருந்தது. பழுப்பு நிற நூல்.

"சிஸ்டர், இதை யார் தைச்சது?"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "எங்களுக்கு மாத்திரை குடுக்கவே நேரம் பத்தல. இதுல பொத்தான் வேறயா? நீங்கதான் தைச்சிருப்பீங்க."

பக்கத்துப் படுக்கையில் ஒரு கணக்கு வாத்தியார். அவருக்கும் இதே வியாதிதான். அவர் ஜன்னலைப் பார்த்தபடி தானாகப் பேசினார்.

"அந்தம்மாதான் தைச்சது. எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்காது. உன் ஆளு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும்."

ஊசியக்கா குனிந்து புருஷனின் காலரை முகர்ந்தாள்.

பிராந்தி.

மாதக்கணக்காக ஒரு சொட்டும் தொடாத மனுஷனின் காலரில், புதிதாகத் திறந்த பாட்டிலின் வாசனை.

அவள் பயந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ஊசியக்காவுக்கு வந்தது ஆத்திரம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலில் தேன் தடவிக் கேட்டாள்.

"உங்க சம்சாரம் எப்படிப் பழக்கம்? எங்க பார்த்தீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "பெரிய கதைங்க அது. துணிக்கடை லிஃப்ட் ஒண்ணு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. கதவைத் தட்டி, 'உள்ளே யாரு?'ன்னு கேட்டேன். 'நான்தாங்க'ன்னு ஒரு குரல். நான்தாங்கன்னா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பயத்துல பேர் மறந்துடுச்சு அவளுக்கு! சிரிச்சுட்டேன். 'பயப்படாதே, நான் இருக்கேன்'னு சொல்லிட்டே இருந்தேன். கதவைத் திறந்தா, ஒரு மூட்டை யூனிஃபார்மை நெஞ்சோட கட்டிக்கிட்டு நிக்கிறா."

அது அவளுடைய லிஃப்ட். அவளுடைய மூட்டை. அந்த இருட்டும், கதவுக்கு வெளியே கேட்ட அந்தக் குரலும் அவளுடையவை. தன் வாழ்க்கையில் தனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். எவளோ ஒருத்தி அதை உருவிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எப்படி இருப்பா பார்க்க?"

"கழுத்து நீளம். தோள் ரெண்டும் உருண்டு கீழே சரிஞ்சிருக்கும். உடுப்பு கழுத்தோட ஒட்டினாப்புல உசந்த காலர், கால் வரைக்கும் நேரா இறங்கும். கடுந்தேநீர் நிறம். வெயில்ல நின்னா உள்ளேருந்து மினுங்கும். கண்ணாடிப் பொத்தான்."

தையல்காரியிடம் உடுப்பை விவரித்தால் அவள் கை சும்மா இருக்குமா? அளவுகள் அவள் மனசில் தானாகப் பதிந்தன. கூடவே ஒரு யோசனையும் பதிந்தது. அவருக்கு அவளைத்தானே வேண்டும்? அவளாகவே போய் நின்றால்? ஒரே ஒரு தடவை அந்த 'அடியே' தன் காதில் விழுந்தால் போதும். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

கடையைப் பாதி சாத்திக்கொண்டு பழுப்பு சாட்டினை மேஜையில் விரித்தாள். தன் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். கத்தரிக்கோல் அவர் சொன்ன அளவுக்குப் போனது. நீளக் கழுத்து. சரிந்த தோள். நேராக இறங்கும் உடம்பு. வெட்டிய துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

அது பாட்டிலின் வடிவம்.

'எல்லாம் உன் மனப்பிராந்தி' என்று தன்னையே திட்டிக்கொண்டு மெஷினை மிதித்தாள். ஓரத்தை மட்டும் கையால் தைத்தாள், அவளுக்கே உரிய நெருக்கமான தையலில். இவ்வளவு அழகாகத் தன் உடுப்பைக்கூட அவள் தைத்துக்கொண்டதில்லை. போட்டுப் பார்த்தாள். அவளுக்காக வெட்டாத உடுப்பு அவளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. காலர் மட்டும் கழுத்தை இறுக்கியது.

கடைசியாக இழுப்பறையைத் திறந்து, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைக் காலரில் தடவிக்கொண்டாள்.

வார்டு வாசலில் அவள் நின்றதும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அடியே! வந்துட்டியா?"

ஊசியக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அவள் கழுத்தைத் தடவினார், மெதுவாக, முன்பு பாட்டிலைத் தடவிய மாதிரியே. இத்தனை வருஷம் ஏங்கியது கிடைத்துவிட்டது. கிடைத்தது தனக்கல்ல என்பதும் தெரிந்தது. தன் மேலேயே தனக்குப் பொறாமை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"அடியே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ஒருத்தி சூப் எடுத்துக்கிட்டு வர்றா. என் சம்சாரம்னு சொல்றா. நல்லவ மாதிரிதான் தெரியுது. ஆனா அவ பார்க்கிறதைப் பார்த்தா நான் ஏதோ பெரிய தப்பு பண்ணின மாதிரி நெஞ்சை அடைக்குது. இனிமே வரவேண்டாம்னு சொல்லிடு."

அவள் இறுகிய காலரை விரலால் தளர்த்தப் பார்த்தாள்.

"சொல்லுவியா?"

அவர் பிடி இறுகியது. விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது அவளுக்கு. இன்னும் கொஞ்ச நேரம், இந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் என்று மனசு கெஞ்சியது.

"சரி," என்றாள். "இனிமே அவ வரமாட்டா."

"நீதானே என் சம்சாரம்?"

"ஆமா."

பின்னாலிருந்து யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பினாயில் வாசனை அப்படியே அமுங்கி, பிராந்தி வாசனை வார்டு முழுக்க எழுந்தது.

வாத்தியார் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

ஊசியக்கா எதிரே ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள். கட்டிலில் அவர் தெரிந்தார். அவர் பக்கத்தில் பழுப்பு உடுப்பு தெரிந்தது. உயர்ந்த காலர் தெரிந்தது.

காலருக்கு மேலே இருந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. காலரின் பொத்தான்களைப் பிய்க்காத குறையாக அவிழ்த்து, உடுப்பைக் கடையிலிருந்த மரப் பொம்மைக்கு மாட்டினாள். அதற்கு முதுகைக் காட்ட மனசு வராமல் பின்னாலேயே நடந்து அறைக்குள் போனாள். காலையில் வந்து பார்த்தபோது பொம்மை வெறுமனே நின்றது. இழுப்பறை பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். பாட்டில் மூடி திருகியபடி இருந்தது, சீல்கூட உடையாத பாட்டில் மாதிரி அவ்வளவு இறுக்கம். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

உடம்பில்லாமல் இத்தனை நாள் வந்து போனவளுக்குத் தன் கையாலேயே உடம்பு தைத்துக் கொடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் தலையைக்கூட வாரவில்லை. கையில் கிடைத்த ஊசியையும் நூலையும் ஏன் எடுத்துக்கொண்டாள் என்று தெரியாமலே எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறிக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே லிஃப்ட் நின்றது.

விளக்கு அணைந்தது.

அவள் கண்ணுக்கு நேராக, கம்பிகளுக்கு வெளியே, மூன்றாம் மாடியின் தரை தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சாண் அளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு செருப்புகள் வந்து நின்றன. பெருவிரல் பக்கம் தேய்ந்த செருப்பு. அவளே வாங்கிக் கொடுத்தது.

யாரோ விரல் முட்டியால் கம்பியைத் தட்டினார்கள்.

"பயப்படாதீங்க. நடுவுல நின்னிருக்கு, அவ்வளவுதான். நான் இருக்கேன்."

அவர் குரல்! நடுங்காத குரல். தொழில்காரனின் குரல். தொழில் திரும்பிவிட்டது, அப்படியென்றால் மற்றதும் திரும்பும். ஊசியக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளே யாரு?"

"நான்தாங்க!"

"நான்தாங்கன்னா? பேரைச் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

பேர் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது.

அதைத் தடவித் தடவித் தேடினாள். கல்யாண நாள் இல்லை. வீட்டு வாசல் இல்லை. யூனிஃபார்ம் மூட்டையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண் மட்டும் எங்கோ தூரத்தில் தெரிந்தாள். அவள் கழுத்து நீளமாக இருந்தது.

செருப்புகளுக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஓர் உடுப்பின் ஓரம் வந்து நின்றது. வெளிச்சத்தில் உள்ளிருந்து மினுங்கியது. நெருக்கமான கைத்தையல். அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது.

"உள்ளே யாரும் இல்லைங்க," என்றது ஒரு பெண் குரல், இதமாக. "வாங்க, படியிலயே இறங்கிடலாம்."

"இல்லடி, ஏதோ சத்தம் கேட்டுச்சு. 'நான்தாங்க'ன்னு..."

"உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையே. இல்லாததெல்லாம் கேக்கும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

செருப்புகள் தயங்கின. ஊசியக்கா கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். விரல் நுனி அவர் குதிகாலைத் தொட்டது. அவர் கொசு கடித்த மாதிரி காலை லேசாக உதறினார். பிறகு இரண்டு பேரும் மெதுவாகப் படியிறங்குகிற சத்தம் கேட்டது. பிராந்தி வாசனை அவர்களோடேயே இறங்கிப் போனது.

மெக்கானிக் வந்து லிஃப்ட்டைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளே ஆள் யாரும் இல்லை. ஒரு தையல் ஊசி மட்டும் கிடந்தது, வெள்ளை நூல் கோத்தபடி. யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று அவன் அதை எடுத்துச் சுவரோரமாகப் போட்டான்.

ஊசியக்காவின் புருஷன் விட்டுப் போன படுக்கைக்கு இப்போது வேறு ஒருவர் வந்திருக்கிறார். லாரி டிரைவர், குடித்தே தன் ஊர் எது என்பதை மறந்தவர். ஒரு நாள் மத்தியானம் ஊசி போட வந்த நர்ஸ், அவர் சட்டையைப் பார்த்து நின்றாள்.

"நேத்து பொத்தான் அறுந்து தொங்குச்சே. யாரு தைச்சது?"

"என் சம்சாரம்தான். இப்பத்தான் போனா."

"உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னு உங்க அண்ணன் எழுதிக் குடுத்திருக்காரே."

"என்ன சிஸ்டர் நீங்க? பாவம், சூப்பெல்லாம் ஊட்டி விட்டா. வாயைத் திறந்தா சுருக்குனு குத்துறா, ஆனா கை ரொம்ப இதம்." டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "பேரு கேட்டேன். அதுதான் அவளுக்குத் தெரியலை. 'நான்தாங்க'ன்னு சொல்லிட்டு அழுதா."

நர்ஸ் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. குனிந்து பொத்தானைத் தொட்டாள். வெள்ளை நூல் இன்னும் புதிதாக இருந்தது. நாலு துளையிலும் அது குறுக்கே, பெருக்கல் குறி மாதிரி ஓடியிருந்தது.